இடப்பக்கக் கண்ணாடியின் சிவப்பு விளக்கு

ஜியப்புக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கார்களுக்குப் பக்கக் கண்ணாடி வடிவமைப்பதுதான் அவள் வேலை. பதினோரு ஆண்டுகளாக அவள் செய்து தருவதைக் காரில் மாட்டி ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது என் வேலை. அவளோ வடக்கே மலைப்பக்கமுள்ள லாம்பாங்கிலிருந்து எங்கள் தொழிற்சாலை ஊரான ஸ்ரீராச்சாவுக்கு வந்து, வாடகை அறையில் ஒரு பூனையோடு இருப்பவள். கோபம் வந்தால் பேசமாட்டாள், வேலையை இரண்டு மடங்காகச் செய்வாள். எனக்குக் கோபம் வந்தால் ஊருக்கே தெரியும்.

புதிய கண்ணாடிக்கு இரண்டு கேமராக் கண்கள் வைத்தாள். ஒன்று பின்னால் பார்க்கும், மற்றொன்று பக்கவாட்டில். ஏதாவது நெருங்கினால் சிவப்பு விளக்கு எரிந்து கீச்சென்று சத்தம் வரும். எங்கள் பெரிய சாலையில் மறுபக்கம் போக வண்டி திருப்பும் இடம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரம் யார் போவது? பைக் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஓரமாக எதிர்த்திசையில்தான் வருவோம். ஜியப்பும் தினமும் அப்படித்தான் வேலைக்கு வருவாள். அதனால் சோதனைக் காரில் விளக்கு ஓயவே இல்லை. ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு முறை கத்தியது.

"இதோட ஓட்டுறதுக்கு என் மாமியாரப் பக்கத்துல உக்கார வச்சுக்கலாம்" என்றேன்.

மணிக்கு இரண்டு முறைக்கு மேல் கத்தக்கூடாது என்று தலைமையகம் எழுதியது. ஜியப் கண்ணாடிக்கு ஒரு கட்டளை சேர்த்தாள்: ஓரமாக எதிர்த்திசையில் வரும் வண்டிகளைக் கணக்கில் எடுக்காதே. சட்டப்படி அங்கே யாரும் வரக்கூடாதே! விளக்கு அடங்கியது. எல்லோரும் கை தட்டினோம், நானும்தான்.

அதற்கு மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. சோதனைக் காரில் தொழிற்சாலைச் சந்திலிருந்து பெரிய சாலைக்கு இடப்பக்கமாகத் திரும்பினேன். வலப்பக்கம் லாரி வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். இடப்பக்க விளக்கு எரியவில்லை, அதனால் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. இருபத்தைந்து ஆண்டு ஓட்டிய புத்தியை ஒரு விளக்கிடம் அடகு வைத்திருந்தேன். எதிர்த்திசையில் வந்த பென்சியின் பைக் காரில் மோதிக் கவிழ்ந்தது. அவள் எங்கள் தொழிற்சாலை வாசலில் பப்பாளிக்காயை மிளகாயோடு உரலில் இடித்துக் காரச் சாலட் விற்பவள், நானும் தினமும் வாங்கித் தின்பேன். உரலும் மிளகாயும் சாலையெங்கும் சிதறின. அவளுடைய தொடை எலும்பு முறிந்தது.

தப்பு அவள் மேல்தான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. மேலாளர் வீரசக்குக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கண்ணாடி சொன்னபடிதான் வேலை செஞ்சிருக்கு. அறிக்கையில அத எழுதிக் கையெழுத்துப் போடு ஜியப். வெள்ளிக்கிழமை அனுப்பிரலாம்."

அவள் கையெழுத்துப் போட்டால், அதே கண்ணாடியோடு அறுபதாயிரம் கார்கள் சாலைக்கு வரும். போடாவிட்டால் நான்கு ஆண்டு உழைப்பு குப்பைக்குப் போகும், அவள் வேலையும் கூடப் போகலாம். அவள் கண்ணாடியின் பதிவைத் திறந்து எனக்குக் காட்டினாள். பக்கவாட்டுக் கண் பென்சியை மூன்று விநாடி பார்த்திருந்தது.

"பிரேக் போட அது போதுமா அண்ணே?"

"போதும்."

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் பென்சி படுத்தபடியே கை கூப்பினாள்.

"மன்னிச்சிரு தங்கச்சி. உங்க கம்பெனி காரப் போயி இடிச்சுட்டேன். வாசல்ல கடை போட விடுவாங்கல்ல?"

"ஓட்டுனவன் நான். நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற?" என்றேன்.

"சும்மா இருண்ணே. காரம் தாங்காம தெனமும் அழுவ, இன்னிக்கு காரமே இல்லாம அழுவுற."

ஜியப் சிரிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கண்ணாடி உங்களப் பாத்துச்சு."

"எந்தக் கண்ணாடி?"

"கார்ல இருக்கறது. நான் செஞ்சது. நீங்க வர்றது அதுக்குத் தெரிஞ்சுச்சு. இப்படி வர்றவங்களப் பத்தி அண்ணன்கிட்ட சொல்லாதேன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்."

பென்சியின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள்.

"நாய் குறுக்க வந்தா சொல்லுமா?"

ஜியப் தலையசைத்தாள்.

"சொல்லும்க்கா."

பென்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஜியப் அறிக்கையைப் பையிலிருந்து எடுத்தாள். 'சொன்னபடி வேலை செய்தது' என்ற வரிக்குக் கீழே பேனாவால் எழுதினாள்: 'நாய் வந்தால் விளக்கு எரியும். பென்சி வந்தால் எரியாது. அப்படிச் சொல்லி வைத்தது நான். இந்தக் கண்ணாடியைச் சாலைக்கு அனுப்பக்கூடாது.' பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள். ஓட்டுநருக்கான கட்டம் காலியாக இருந்தது. 'நான் திரும்பிப் பார்க்கவில்லை' என்று எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன்.