தானாக விழும் பேரிக்காய்

ஒதீலுக்கு அறுபத்தெட்டு வயது. கல்யாணமாகி நார்மண்டியின் இந்தப் பண்ணைக்கு வந்ததிலிருந்து அக்டோபர் என்றாலே அவளுக்கு ஆகாது. மாடு மேயும் புல்வெளியில் ஏழு பேரிக்காய் மரங்கள், ஒவ்வொன்றும் மாதாகோவில் உயரம். காயைப் பச்சையாகக் கடித்தால் வாய் இழுத்துக்கொள்ளும். பன்றிகூட முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். பிழிந்து மதுவாக்கினால் மட்டும் ஊரே பாராட்டும். பாராட்டியவர்கள் யாரும் பொறுக்க வந்ததில்லை.

அந்த மரங்களுக்குத் திமிர் அதிகம். ஒரு வருஷம் காய்த்துத் தள்ளும், மறுவருஷம் கையை விரித்துவிடும். காயையும் ஒரேயடியாக விடாது. இன்றைக்கு ஒரு கூடை, நாளைக்கு அரைக் கூடை என்று ஆறு வாரம் இழுத்தடிக்கும். மாடு தின்பதற்குள், அழுகுவதற்குள், தினமும் அதே இடத்தில் குனிய வேண்டும். துறட்டியால் உலுக்கினால் மரத்துக்கு அரை நாள் போதும். ஆனால் அவள் புருஷன் அர்மான் விடமாட்டார். தானாக விழாத காயின் மது நாக்கைக் கீறும் என்று அவருடைய அப்பாவும் யாரையும் உலுக்க விட்டதில்லை.

போன காய்ப்புவரை அர்மானும் கூடப் பொறுக்கினார். இந்த முறை இடுப்பெலும்பு முறிந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது வாரம் ஒதீல் கேட்டேவிட்டாள். "இந்த ஒரு தடவை உலுக்கிக்கிறேனே."

"உலுக்கினதக் குடிக்கறதுக்குக் கெணத்துத் தண்ணியே தேவல."

"குடிக்கறது நீ. குனியறது நான்."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சண்டை போட அவளுக்கும் தெம்பில்லை.

மறுநாள் காலையில் தொப் தொப்பென்ற சத்தத்தில் விழித்தாள். ஓடிப் போய்ப் பார்த்தால், பெரிய மரத்தடியில் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அர்மான் நிற்கிறார். கையில் துறட்டி. புல் முழுக்கப் பழுக்காத காய்.

"என்ன பண்ற நீ?"

"நீதானே கேட்ட?"

"மது நாக்கைக் கீறுமே."

"கீறட்டும். அடுத்த காய்ப்புக்கு ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இந்த நாக்கு இருந்தாப் பாத்துக்கலாம்."

கேட்டது கிடைத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் எதற்கும் விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததில்லை. இப்போது பார்க்கப் பயமாக இருந்தது. துறட்டியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"மத்த ஆறு மரத்தையும் தொடாத," என்றாள். "அதுங்க தானா விழட்டும். நான் பொறுக்கிக்கிறேன்."