வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு மீம்ஸ்

2014 கோடை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வல்லம் வடகாலில் கம்பெனி பஸ்சுக்காக நாங்கள் நிற்கும் ரோட்டில், மண் லாரிகள் தார்ப்பாய்கூடப் போடாமல் பறக்கும். எதிரில் வரும் ஆள் தெரியாத அளவுக்குப் புழுதி. துப்பட்டாவால் முகத்தைச் சுற்றி, கண்ணை மட்டும் வெளியே விட்டுத்தான் நிற்போம்.

லாரிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் காலை பெண்கள் எல்லோரும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். யாரோ போட்டோ எடுத்தார்கள். மறுநாள் ஃபேஸ்புக்கில் அது மீம்ஸ் ஆகிவிட்டது. மேலே நாங்கள், கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் ஒரு காமெடி நடிகர். 'வீட்டுக்குத் தெரியாம லவ்வர்கூட பைக்ல போக வாங்குன துப்பட்டா, போராட்டத்துக்கும் யூஸ் ஆவுது!' லாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படத்தில் என் பக்கத்தில் இருந்த தோழிக்கு விருதுநகர் பக்கம். பதவி உயர்ந்து லைன் லீடர் ஆகப்போகிற நேரம் அவளுக்கு. அவள் அப்பாவுக்கு யாரோ இதைக் காட்டிவிட்டார்கள். முகம் தெரியாவிட்டால் என்ன, தீபாவளிக்கு அவரே எடுத்துக் கொடுத்த சுடிதார் ஆயிற்றே! "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கெழம வாரேன், பையைக் கட்டி வையி" என்று போனை வைத்துவிட்டார்.

"இன்னாடி, அழுதுகினே இருந்தா ஆச்சா? வா, நாமளும் ஒண்ணு போடுவோம்" என்றேன்.

எங்கள் கம்பெனிச் சுவரில் கைசன் போர்டு என்று ஒன்று உண்டு. எதைச் சரிசெய்தாலும் 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்று இரண்டு போட்டோவை அருகருகே ஒட்டி, அடியில் ஒரே வரி எழுத வேண்டும். இந்தப் பக்கம் பாதிக் கம்பெனிகளில் இதே கதைதான். அதையே கையில் எடுத்தோம். புது வெள்ளைக் கைக்குட்டையை முதலில் படம் எடுத்தோம். அதை முகத்தில் கட்டிக்கொண்டு பஸ் வரும்வரை அவள் நின்றாள். அடுத்த படத்தில் கைக்குட்டை செங்கல் நிறம். அடியில் ஒரே வரி எழுதி ஃபேஸ்புக்கில் போட்டேன்: 'எங்க முகத்தை மூட வெச்ச லவ்வர், மண் லாரி.'

போர்டைப் பார்த்துப் பழகியவர்கள் சும்மா இருப்பார்களா? ஆண்கள்கூடத் தங்கள் கைக்குட்டையை 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்று போடத் தொடங்கிவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் வரை அதே பேச்சு. அந்த வாரமே லாரிகளில் தார்ப்பாய் ஏறியது. காலையில் தண்ணீர் வண்டியும் வந்தது.

சனிக்கிழமை அவள் அப்பாவிடமிருந்து போன். பயத்தில் அவள் போனை என் கையில் திணித்துவிட்டாள்.

"ஏ தாயி, ரெண்டாவது படத்தையும் பாத்தேன். நெசமாவே அம்புட்டு மண்ணா? நான் வரல. நல்ல காடாத் துணியா வாங்கி அனுப்புறேன், ரெண்டு பேரும் கட்டிக்கங்க."

அவளிடம் சொன்னதும் சிரித்தாள், அழுதாள். நானும்தான்.

இன்றைக்கும் செல்லில் மீம்ஸ் வந்தால் வயிறு குலுங்கச் சிரிப்பேன். ஆனால் அந்தப் படத்துக்கு வெளியே எந்த லாரி ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியாமல் ஒருவருக்கும் அனுப்ப மாட்டேன்.