கீழ்த்தட்டில் இருந்த பால்

சாயங்காலம் அம்மா மாடிப்படி ஏறி வரும்போதே புளித்த பாலின் வாசனை அவளுக்கு முன்னால் வந்துவிடும். டீசல் புகையும் சாக்பீஸ் தூளும் கலந்த அந்த வாசனையை நான் வேறு எங்கும் முகர்ந்ததில்லை. பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து ரவிக்கைக்குள் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டுதான் காலையில் கிளம்புவாள். ஆனாலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறுவதற்குள் அது தெப்பலாக நனைந்து, தலைப்பை இழுத்துச் சுற்றி மறைத்தபடிதான் வீடு வந்து சேருவாள். அப்போது எனக்குப் பத்து வயது. தம்பிக்கு நான்கு மாதம் நடந்துகொண்டிருந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு அம்மா பல வருடங்கள் காத்திருந்த ஆசிரியை வேலை, தம்பி பிறந்த பிறகுதான் வந்தது. ஜீயபுரத்தைத் தாண்டி, வாழைத் தோப்புகளுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கூடம். குறித்த நாளுக்குள் சேராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். நாங்கள் ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடி போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா தையல்காரர், முன்னறையே அவருக்குக் கடை. பள்ளிக்கூடம் திறக்கும் மாதமாதலால் யூனிஃபார்ம் துணிகள் அறையின் பாதி உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அவரால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்பதால் முசிறியிலிருந்து அவருடைய அக்கா, எங்கள் அத்தை, வந்து தங்கினாள்.

மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் அத்தை. ஆனால் தம்பி அவளுடைய வித்தைகள் எதற்கும் மசியவில்லை. ‘டப்பா பால்’ கரைத்து பாட்டிலில் கொடுத்தால், ரப்பரை நாக்கால் வெளியே தள்ளிவிட்டு, இடுப்பை வளைத்து வளைத்து அழுவான். சந்தில் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு யோசனை இருந்தது. ஒருவர் ஆட்டுப்பால் என்றார், இன்னொருவர் கேழ்வரகைப் பால் எடுத்துக் காய்ச்சச் சொன்னார். வாரம் ஒரு தடவை கழுதையை ஓட்டிக்கொண்டு, ‘கழுதப்பாலே’ என்று கூவிக்கொண்டு வருகிற ஆளை நிறுத்தி ஒரு சங்கு வாங்கிப் புகட்டினால் பிள்ளைக்குக் குரல் நன்றாக வரும் என்று எதிர்வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். இருக்கிற குரலே போதும் என்றார் அப்பா.

கடைசியில் அத்தை, தெரிந்த பால்காரரிடம் பசும்பால் வாங்கி, பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொடுக்க ஆரம்பித்தாள். “மாட்டுப்பால் குடிச்சுதான் ஊரே வளர்ந்துது” என்பது அவள் வாதம். பசி தாங்காமல் தம்பியும் கொஞ்சம் குடித்தான். வீடு இரண்டு நாள் அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் நான் பள்ளியிலிருந்து சாப்பிட வந்தபோது, தம்பி துவண்டுபோய் அத்தையின் தோளில் கிடந்தான். காலையிலிருந்து வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை. வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு அப்பா ஆட்டோ பிடித்தார். நானும் ஏறிக்கொண்டேன், என்னை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவின் பள்ளிக்கூடத்துக்கு மளிகைக்கடை போனிலிருந்து தகவல் சொன்னோம்.

தில்லை நகரில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் ஒரு பெண்மணி. உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைத் துளித்துளியாகக் கொடுக்கச் செய்து, ராத்திரி அங்கேயே இருக்கும்படி சொல்லிவிட்டார். அம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் பிள்ளையை மடியில் வாங்கிப் பால் கொடுத்தாள். அவன் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“காலையில போனா சாயங்காலம்தானே வரீங்க. நடுவுல பால் கட்டிக்காதா?”

“கட்டிக்கும் டாக்டர். வலி உயிர் போகும். மத்தியானம் பாத்ரூம்ல போய்ப் பிழிஞ்சு விட்டுடுவேன்.”

“எங்க விடுவீங்க?”

அம்மா குனிந்துகொண்டாள். “கீழதான். தண்ணி ஊத்திக் கழுவி விட்டுடுவேன்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “இவனோட பாலைக் கீழ ஊத்திட்டு, கன்னுக்குட்டியோட பாலை இவனுக்குக் குடுத்திருக்கீங்க” என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அம்மா அப்படி அழுதிருக்க மாட்டாள்.

அன்று அவர் சொன்னதை அப்பா தன் அளவு நோட்டில், யாரோ ஒருவருடைய சட்டை அளவுகளுக்குக் கீழே எழுதிக்கொண்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெந்நீரில் கொதிக்கவைத்த மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் பாலைப் பிழிந்து வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமானால் ஃபிரிட்ஜ். அடுப்பில் சுட வைக்கக் கூடாது, வெந்நீருக்குள் டப்பாவை நிறுத்தினால் போதும். பாட்டில் வேண்டாம், சங்கிலோ கரண்டியிலோ புகட்டலாம். தாய்ப்பால் போதாத நாளில் டப்பா பால் கொடுக்கலாம், அதில் குற்றமில்லை; ஆனால் டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவுப்படி, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். மாட்டுப்பாலுக்கு ஒரு வயது ஆகட்டும்.

இரண்டாம் நாள் வீடு திரும்பியபோது, அத்தை சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. “என் கையால குடுத்துத்தானே இப்படி ஆச்சு. இனிமே நான் எதையும் குடுக்க மாட்டேன்” என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, “வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடு மல்லிகா. புள்ளை போனா வருமா?” என்றாள்.

“புள்ளையும் போகாது, வேலையும் போகாது அண்ணி” என்றாள் அம்மா. அவள் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, “சார், எனக்கு மத்தியானம் இருபது நிமிஷம், உள்பக்கம் தாழ்ப்பாள் போடற மாதிரி ஒரு ரூம் வேணும்” என்று கேட்டிருக்கிறாள். எதற்கு என்று அவர் கேட்டதும் பூசி மெழுகாமல் காரணத்தைச் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதர் முகத்தைக் கோப்புக்குள் புதைத்துக்கொண்டு, விளையாட்டுச் சாமான் அறையின் சாவியை மேஜையின் மறுபக்கம் தள்ளினாராம். இதை அம்மா எங்களிடம் சொன்னபோது, அப்பா சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை.

அடுத்தது ஃபிரிட்ஜ். எங்களிடம் இல்லை; கீழ்வீட்டில், வீட்டுக்காரர்களிடம் இருந்தது. மாமா கோயில் கைங்கர்யம் செய்கிறவர், ஆசாரத்தில் துளி பிசகாதவர். அவருடைய மடி வேட்டி உலரும் கொடியின் பக்கம் நான் விளையாடப் போனாலே மாமி, “தள்ளிப் போடி குழந்தே” என்று குரல் கொடுப்பாள். அந்த வீட்டு ஃபிரிட்ஜில் தாய்ப்பாலை வைக்கக் கேட்பது என்றால் சாதாரண விஷயமா? அப்பா தயங்கினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

“பெருமாளுக்கு அமுது பண்ற பாலெல்லாம் இதுலேதான் வெச்சிண்டிருக்கேன்டிம்மா. மாமா என்ன சொல்லுவாரோ” என்று மாமி கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே, கூடத்து ஊஞ்சலிலிருந்து மாமா கேட்டார்.

“என்ன பால்?”

“என் பால்தான் மாமா. புள்ளைக்கு.”

“எத்தனை நாளைக்கு?”

“அவன் சோறு சாப்பிடற வரைக்கும்.”

மாமா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி அம்மா வேறு எந்த வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். விடிந்ததும் மாமி மாடிப்படியின் அடியிலிருந்து கூப்பிட்டாள். “மல்லிகா, கீழ்த்தட்டைத் தொடச்சு வெச்சிருக்கேன். மேலே பெருமாளுக்கு, கீழே உன் புள்ளைக்கு. வேற எதுவும் அதிலே வெக்கப்படாதுன்னு மாமா சொல்லிட்டார்.”

அப்படித்தான் அந்தக் காரியம் தொடங்கியது. ராத்திரியும் விடியற்காலையிலும் பிழிந்த பால் கீழ்த்தட்டுக்குப் போகும். வாயகன்ற பிளாஸ்க்கில் மாமி கொடுத்த ஐஸ் கட்டிகளைப் போட்டு, அதற்குள் சின்ன டப்பா ஒன்றை வைத்து அம்மா எடுத்துப் போவாள்; மத்தியானம் பிழிந்தது சாயங்காலம் அதில் வந்து சேரும். முதல் நாட்களில் டப்பாவின் அடி மறையும் அளவுகூட வரவில்லை. விரல்களெல்லாம் வலிக்க உட்கார்ந்திருந்துவிட்டு வெறும் டப்பாவோடு வந்த நாள் உண்டு. அந்த நாட்களில் அளவு தப்பாமல் டப்பா பாலைக் கரைத்தார்கள். ஒரு நாள் பஸ் நெரிசலில் பிளாஸ்க் கவிழ்ந்து மொத்தமும் கொட்டிப்போனது. கண்டக்டர், “தண்ணிதானேம்மா” என்றாராம். அம்மா வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, டப்பாக்களை மறுபடி வெந்நீரில் போட்டாள்.

பால் கிடைத்தது, புகட்டுவது யார்? அத்தை சொன்ன சொல் மாறவில்லை. ஆனால் பெட்டியின் அடியிலிருந்து தன் வெள்ளிச் சங்கை எடுத்துக் கொதிக்கவைத்து அப்பாவிடம் நீட்டினாள். “மூக்கை உசத்தி ஊத்தாதடா. உதட்டோரமா வை. அவனே உறிஞ்சட்டும்” என்று தூரத்தில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தாள். அப்பா தம்பியை மடியில் சாய்த்துக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் அவருடைய கால் மிதியை அழுத்தியது. ஊசியில் நூலில்லாமல் மிஷின் கடகடவென்று ஓடியதும், முறுக்கிக்கொண்டிருந்த தம்பி சட்டென்று நிறுத்திக் காதைக் கொடுத்தான். அந்த இடைவெளியில் முதல் மிடறு உள்ளே போனது. அன்றிலிருந்து அந்தச் சத்தம் இல்லாமல் அவன் குடித்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது வெந்நீரில் நிற்கும் டப்பாவைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அந்த வருடம் பல பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தாமதமாகத்தான் கிடைத்தது.

ஆடிக்காற்று அடித்த ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. யாரோ படியேறி வரும் ஓசை கேட்டு எட்டிப் பார்த்தேன். மாமா. நாங்கள் குடிவந்து ஆறு வருடத்தில் அவர் மாடி ஏறியதே இல்லை. மடி வேட்டியோடு, இரண்டு கைகளாலும் அந்தச் சின்ன டப்பாவை ஏந்தியபடி வாசலில் நின்றார்.

“கரண்ட் போய் ரெண்டு மணி நேரமாறது. எப்போ வரும்னு தெரியலை. இது வீணாயிடப்படாது, குழந்தைக்கு இப்பவே குடுத்துடுங்கோ.”

“உள்ள வாங்க மாமா” என்றார் அப்பா, பிள்ளையோடு எழ முடியாமல். மாமா உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே கடைசிச் சங்கு வரைக்கும் பார்த்துவிட்டு, “குடிச்சுட்டானா?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார். போனவர் மறுபடி குளித்தார் என்று மாமி பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அடுத்த முறை கரண்ட் போனபோதும் அவர்தான் வந்தார்.

ஆறு மாதம் முடிந்து, குழைத்த பருப்புச் சோற்றைத் தம்பி முகமெல்லாம் பூசிக்கொண்டு தின்ன ஆரம்பித்த பிறகு, தில்லை நகர் டாக்டர் அவனைத் தராசில் போட்டுப் பார்த்து, எடை சரியாக ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அத்தை அன்று மாலைதான் ஊருக்குக் கிளம்பினாள். போவதற்கு முன் அவள் கையால் ஒரு வாய் ஊட்டினாள்.

இப்போது அந்தச் சந்தில் அந்த வீடு இல்லை. நாலு மாடி அடுக்ககம் நிற்கிறது. மாமாவும் மாமியும் மகனோடு வெளியூர் போனார்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அத்தையும் இல்லை. கழுதைப்பால் கூவுகிற குரலைக் கேட்டு எத்தனையோ வருடங்களாயிற்று. பஸ் நிலையங்களில் தாய்மார்களுக்கென்று அறை வந்துவிட்டது. பால் எடுக்கக் கருவி கடையில் கிடைக்கிறது. அம்மா பணி ஓய்வு பெற்று, தில்லை நகரில் தம்பியோடு இருக்கிறாள்.

போன மாதம் அவளிடம், அந்த நாட்களில் எதற்கு ரொம்பப் பயந்தாய் என்று கேட்டேன். பால் கெட்டுப்போகும் என்றோ வற்றிவிடும் என்றோ சொல்வாள் என்று நினைத்தேன்.

“சாயங்காலம் நான் வர்றப்போ அவன் என்னைப் பார்த்துத் திரும்பாம இருந்துட்டா என்ன பண்றதுன்னுதான்” என்றாள். பிறகு அவளே, “நல்லவேளை, ஒரு நாள்கூட அப்படி ஆகலை” என்றாள்.

ஆகியிருக்கிறது. ஒரு சாயங்காலம், அப்பாவின் மடியில் வயிறு நிறைந்து கிடந்தவன், ஓடுகிற மிஷினின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமல் அவள் அங்கேயே நின்றதையும், அப்பா மெல்ல மிதியிலிருந்து காலை எடுத்ததையும் நான் பார்த்தேன். அம்மாவுக்கு அது மறந்துவிட்டது. நான் நினைவுபடுத்தவில்லை.

அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் காலை, ஏழே கால் பஸ்ஸுக்கு அவள் கிளம்பிப் போனதும்கூட எனக்கு நினைவிருக்கிறது.