சூனியேந்திரனின் இடது கை

இடது புருவம் மட்டும் ஏற வேண்டும், வலது அசையக் கூடாது. பூபதிராஜா கண்ணாடி முன் நின்று அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறார். வாயின் ஓர் ஓரம் கீழே இறங்குகிறது. மூக்கு விடைக்கிறது. இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் உள்ளே மடிய, மற்றவை கொக்கிபோல் விறைத்து நிற்கின்றன. சற்று நேரம் தன்னையே பார்த்து முறைத்துவிட்டு ஓடிப்போய் மேசையில் உட்கார்ந்து வரைகிறார். மறுபடி கண்ணாடிக்கு ஓடுகிறார். சமையலறையிலிருந்து மனைவி வனிதாவின் குரல் வருகிறது. "ஏனுங், மொறச்சது போதுமுங். தோசை ஆறுது."

ஊர் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில். கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் எந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுவது அவருக்குச் சோறு போடும் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் 'ஆகாயத் தீரன்' என்ற சூப்பர் ஹீரோ காமிக்ஸுக்கு. கதை சென்னையிலிருந்து வரும், படம் இங்கிருந்து போகும். பறக்கும் கதாநாயகனை வரைய அவருக்கு அரை மனது போதும். "அவனுக்கென்னங், பல்லு வெளக்கற பேஸ்ட்டு வெளம்பரத்துல வர்ற ஆளாட்டம் சிரிச்சுட்டு நிப்பான்" என்பார். முழு மனதும் போவது வில்லனுக்கு. மந்திரவாதி சூனியேந்திரன். பச்சை அங்கி, கழுத்தில் எலி மண்டையோட்டு மாலை, எதிர்த்தவனைக் கல்லாக்கும் இடது கை. அந்தக் கை பூபதிராஜாவின் கையைப் பார்த்து வரைந்தது என்பதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

நேரில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் மிதித்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். கோழி அறுக்கிற இடத்தில் நிற்க மாட்டார். பல்லியைப் பிடித்து வெளியே விடச் சொல்லி வனிதாவைத்தான் கூப்பிடுவார். சாமி, பூதம், தகடு, தாயத்து எதிலும் நம்பிக்கை கிடையாது. ராத்திரியில் மாடாக உருமாறி ஒடியன் வந்து ஆளை அடித்தான் என்று பழைய கதை எடுத்தால், "எல்லாம் இருட்டுல மாட்டப் பாத்து மெரண்ட கதைங்க" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்.

கூட்டத்தில் நிற்கும் முகங்களை அவர் கற்பனை செய்வதில்லை. ஊரிலிருந்து எடுத்துக்கொள்வார். மெட்ரோபொலிஸ் போல ஏதோ ஒரு பெருநகரம் எரிந்துகொண்டிருக்கும், அதில் அலறி ஓடுகிறவர்களில் கொழிஞ்சாம்பாறை பேக்கரிக்காரர் இருப்பார், பால் சொசைட்டி அம்மா இருப்பார், பஞ்சாயத்து மெம்பர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார். புத்தகம் வந்த அன்று பேக்கரியில் ஒரே சிரிப்பாக இருக்கும். தன் முகம் வராதவர்கள் கோபித்துக்கொண்டதும் உண்டு.

அப்படிக் கோபித்துக்கொண்டவர்தான் ஆறுச்சாமி. அடுத்த தோப்புக்காரர், முறையில் மாமா. "கூட்டத்துல தலையக் காட்டற சோலியெல்லாம் எனக்கு வேண்டாம் மாப்ளே. போட்டாப் பெருசாப் போடோணும்" என்று வரப்பில் பார்க்கும்போதெல்லாம் வம்பு பண்ணுவார். மாமா கேட்டதைக் கொடுத்தார் பூபதிராஜா. ஒரு முழுப் பக்கம். மந்திரவாதிக்கு எதிரே ஒரே ஒரு விவசாயி கொடுவாளை ஓங்கி நிற்கிறார். "உறை! உறை! உயிரோடு உறை!" என்கிறான் சூனியேந்திரன். வாளைப் பிடித்த வலது விரல்களிலிருந்து கல் ஏறத் தொடங்குகிறது. ஆறுச்சாமி அந்தப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். காப்பி குடிக்கும் ஒவ்வொருவரிடமும் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

அந்த வாரமே தோப்பில் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தவர் கீழே விழுந்தார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன.

செய்தி கேட்டு பூபதிராஜா கம்பெனியிலிருந்து நேராகக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மாமா கட்டிலில் கிடந்தார். வலது கை, படத்தில் இவர் வரைந்திருந்த அதே மடிப்பில் மடங்கி விறைத்திருந்தது. பூபதிராஜா தன் இடது கையைப் பாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையை மாமா பல மாதமாகத் தொடவே இல்லை என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு மூச்சு வந்தது. ஆனால் ஊரில் யாரும் டாக்டரிடம் கேட்கப் போவதில்லை.

ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. எரியும் நகரத்தில் ஓடிய பேக்கரிக்காரர், "என்ற மூஞ்சிய இனிப் போட்றாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது" என்று கும்பிட்டார். இதுவரை வெறும் பயம்தான். பயத்தைப் புரிந்துகொள்ள முடியும். அதற்கப்புறம் வந்ததுதான் பூபதிராஜாவைத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு ஞாயிறு காலை கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி, பேச்சில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. வனிதா கொடுத்த மோரைக் குடித்து, மழை இந்த வருஷம் பரவாயில்லை என்று பேசிவிட்டு, பையிலிருந்து ஒரு கல்யாணப் போட்டோவை எடுத்தார். மாப்பிள்ளை வேஷத்தில் இருந்தது அவருடைய அண்ணன்.

"சாவடிக்கறதெல்லாம் வேண்டாமுங். கூடப்பொறந்தவன் பாருங். கெணத்து மேட்டுக்கு வந்து சண்டை கட்டறான். அந்தக் கால் ரெண்டு மட்டும் கல்லாச்சுன்னாப் போதுமுங்."

பூபதிராஜா போட்டோவைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். "இது மைங்க. வெறும் மை, காயிதம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வந்தவர் புரிந்துகொண்டதுபோல் சிரித்து, "வெளிய சொல்ல மாட்டனுங்" என்றார்.

மறுநாள் ஒரு மாமியார் மருமகளின் முகத்தைச் செல்போனில் கொண்டுவந்தார். நாக்கு மட்டும் போதுமாம். அதற்கடுத்து கூடப் படித்தவன் ஒருவன், எல்லையில் வேலி போட்ட பங்காளிக்காக. எல்லோரும் நேற்றுவரை இவரோடு கல்யாணப் பந்தியில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். இத்தனை வருஷம் ஒரு கெட்டவனை உருவாக்க இவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சூனியேந்திரனுக்குக்கூட உலகத்தை ஆளும் ஆசைதான் உண்டு, அண்ணன் கால்மேல் கண் கிடையாது. பூபதிராஜா அன்று சாப்பிடவில்லை. "இவுங்களையா வனிதா நான் அப்பாவி ஜனமுன்னு கூட்டத்துல வரைஞ்சுட்டிருந்தேன்?" என்றார்.

ஆகவே மருதாத்தாள் படி ஏறி வந்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிக் கட்டிலில் கிடக்கும் ஆறுச்சாமியின் மனைவி. திட்டத்தான் வந்திருப்பாள், திட்டட்டும் என்று தலையைக் குனிந்தார்.

"உங்க மேல ஒண்ணும் வருத்தமில்லீங் மாப்ளே" என்றாள் மருதாத்தாள். "அவரு கேட்டாரு, நீங்க வரைஞ்சீங்க. இப்ப அவர அவுத்து உட்டுப்போடுங்க."

"அத்தை, இதுல அவுக்கறதுக்கு என்னங் இருக்குது? கையப் பழக்குனா சரியாகுமுன்னு அந்த பிசியோதெரபிப் புள்ள தெனமும் வந்து சொல்றாளல்லங்?"

"பழக்கறதா? அவரு விரலத் தொட உடறதில்லீங். அந்தப் புள்ள ரப்பர் பந்தக் குடுத்து அமுக்கச் சொன்னா, கல்லு எங்கயாச்சும் பந்து வெளையாடுமான்னு கேக்கறாரு. இப்பப் பழக்காம உட்டா இந்தக் கை வரவே வராதுன்னு அவ அழுதுட்டுப் போறா." மருதாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு உங்க மந்திரமும் தெரியாது, அவ வைத்தியமும் தெரியாது. தென்னை ஏர்ற மனுசன் மல்லாக்கக் கெடக்கறாரு."

அப்போதுதான் பூபதிராஜாவுக்கு உறைத்தது. நோய் தன் மையால் வரவில்லை. ஆனால் இப்போது மாமாவைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருப்பது தான் வரைந்த அந்தப் படம்தான்.

சென்னைக்குப் போன் செய்தார். கல்லானவர்களை அடுத்த இதழிலேயே விடுவித்துவிடலாமா என்று கேட்டார். ஆசிரியர் சிரித்தார். அவர்கள் ஆண்டு மலர்வரை கல்லாகவே நிற்க வேண்டும், வாசகன் தவிக்கட்டும் என்றார். சரி, அச்சில் வராவிட்டால் போகட்டும் என்று பூபதிராஜா இரண்டு நாள் லீவு போட்டு ஒரு தனிப் பக்கம் வரைந்தார். ஆகாயத் தீரன் வானத்திலிருந்து இறங்கி வருகிறான், அவன் கை பட்டதும் கல் உதிர்கிறது, மாமா கொடுவாளோடு சிரித்து நிற்கிறார். வண்ணமெல்லாம் கொடுத்து, தன் வாழ்நாளில் அந்தப் பேஸ்ட் விளம்பரக்காரனை முதல் தடவையாக அக்கறையோடு வரைந்தார்.

அதை எடுத்துக்கொண்டு வனிதாவோடு அடுத்த தோப்புக்குப் போனபோது சாயங்கால வெயில் இருந்தது. அவர் போவதைப் பார்த்து ஊரும் பின்னாலேயே வந்தது. கோயில் கமிட்டிக்காரர் வாசல் தூணில் சாய்ந்து நின்றார். பேக்கரிக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார், தன் முகத்தை மட்டும் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு.

ஆறுச்சாமி படத்தை வெகுநேரம் பார்த்தார். பேச்சு குழறித்தான் வந்தது. "நல்லாத்தான் இருக்குது. ஆனா இவன் எதுக்கு வந்தான்?"

"உங்களக் காப்பாத்தத்தானுங் மாமா."

"இவன் அவுத்தா அவுராது. கட்டுனவன்தான் அவுக்கோணும். ஊரு வழக்கம் உனக்குத் தெரியாதா?"

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வைத்தவன்தான் எடுக்க வேண்டும், இதில் ஊருக்கு இரண்டு பேச்சு இல்லை. பூபதிராஜா பொறுமையாக ஆரம்பித்தார். "மாமா, சூனியேந்திரன்னு ஒருத்தன் இல்லீங். அது காயிதம்."

"காயிதமுன்னு எனக்குந் தெரியும் மாப்ளே. ஆனா கை வரலியே." ஆறுச்சாமியின் கண் கலங்கியது. பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார். "அவன் இல்லாம என்ன? அந்தப் புருவம் உன்ற புருவம். அந்த வாய் உன்ற வாய். மூஞ்சியே உன்றதுதானே? பேக்கரியில அல்லாருக்கும் தெரியுமே."

பூபதிராஜா திரும்பி வாசலைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. கை மட்டும்தான் தன்னுடையது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். எத்தனை ஞாயிறு கண்ணாடியில் பார்த்து வரைந்த முகம் அது! ஊருக்கே தெரிந்தது தனக்குத் தெரியவில்லை.

அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இங்கே சூனியேந்திரனாக நின்று இந்த ஆட்டத்தை ஆடினால் அதோடு கதை முடிந்தது. இனி எத்தனை தடவை மை என்று சொன்னாலும் ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. அந்தக் கமிட்டிக்காரர் நாளைக்கே போட்டோவோடு வந்து நிற்பார். பஸ்ஸில் அந்த சீட் என்றைக்கும் காலியாகவே வரும். ஒடியன் கதையைக் கேட்டால் சிரிக்கிற பூபதிராஜாவே ஊருக்கு ஒடியனாகிவிடுவார்.

தலைமாட்டில் ஒரு மஞ்சள் ரப்பர் பந்து தூசி படிந்து கிடந்தது.

பூபதிராஜா கொண்டுவந்த படத்தைச் சுருட்டி வனிதாவிடம் கொடுத்தார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டார். கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் நின்று இடது கையைத் தூக்கினார். நடுவிரலும் மோதிர விரலும் மடிந்தன. வாய் ஒரு பக்கம் இறங்கியது. வாசலில் யாரோ "ஐயோ சாமி!" என்று பின்வாங்கினார்கள்.

"இளகு!" குரல் அவருடையதே அல்ல. "இளகு! சுண்டுவிரலிலிருந்து இளகு! காலையும் மாலையும் அந்தப் பந்தைப் பிடித்து அமுக்கு! மருத்துவப் பெண் சொல்வதை மீறினால் மீண்டும் உறைவாய்! மாத்திரையைத் தவறாமல் விழுங்கு, மானிடனே!"

வனிதா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறுச்சாமி இமைக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருதாத்தாள் பந்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையில் வைத்தாள். இந்தத் தடவை அவர் தடுக்கவில்லை. சுண்டுவிரல் அசைகிறதா என்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

பூபதிராஜா இடது புருவத்தை ஏற்றியபடியே நின்றார். தோள் நடுங்கத் தொடங்கியது. கையை மட்டும் அவர் இறக்கவில்லை.