எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய கொடி

அவரை எல்லாரும் நூல் பெயிண்டர் என்பார்கள். சுவரில் வெறுங்கையால் கோடு இழுத்தாலும் நூல் பிடித்த மாதிரி இருக்கும். யார் கண் பட்டதோ, ஏணியிலிருந்து விழுந்து அந்தக் கையின் மணிக்கட்டையே உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, நடுக்கம் மட்டும் போகவில்லை. கையை யாருக்கும் காட்டாமல், வந்த வேலையையெல்லாம் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார். கடைசியில் பெயிண்ட் கடைக்குக் காவலாளியாகப் போகலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டார் மனிதர்.

அவர் மனைவி விடுவாளா? அவருடைய உடைந்த எலும்பைப் படம்பிடித்த எக்ஸ்ரே பிலிமையே எடுத்து, பிளேடால் இலையும் கொடியுமாக வெட்டிவிட்டாள்.

"நான் சுவத்துல வச்சுப் பிடிச்சுக்கறேன், நீங்க மேல பெயிண்ட்டை ஒத்துங்க. கை ஆடினா ஆடட்டும், வெட்டின ஓட்டை ஆடாதுல்ல."

"அச்சு வைக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று முறைத்தார். முறைத்தால் அடுப்பு எரியுமா? அதே தெருவில் இருக்கும் தையல்காரம்மா தன் வீட்டுப் படுக்கையறைச் சுவருக்கு ஏதாவது வரையச் சொல்லியிருந்தார். இதுவும் கெட்டால் பிரஷ்ஷைத் தலைமுழுக வேண்டியதுதான் என்று தெரிந்தே போனார்.

முதல் அச்சே சொதப்பல். பழக்கதோஷம், பிரஷ்ஷை டப்பாவில் முழுக்க முக்கிவிட்டார். பிலிமை எடுத்துப் பார்த்தால், பெயிண்ட் அடியில் புகுந்து இலையெல்லாம் ஒன்றோடொன்று ஈஷிக் கிடந்தது.

"எனக்கு இது வராது. கிளம்பு."

"வந்தது வந்துட்டோம், இன்னொண்ணு வச்சுப் பாத்துட்டுப் போவோம்."

அவள் சுவரை ஈரத்துணியால் துடைத்தாள். பிலிமின் பின்பக்கத்தையும் துடைத்தாள். பிரஷ் நுனியில் மட்டும் பெயிண்ட்டைத் தொட்டு, அதையும் துணியில் ஒற்றி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் டொக்டொக்கென்று தட்டித் தட்டி ஒற்றினார். இலை விளிம்பு பிசிறில்லாமல் விழுந்தது. அவள் பிலிமை நகர்த்தி நகர்த்திப் பிடிக்க, அவர் ஒற்றிக்கொண்டே போனார். சாயங்காலத்துக்குள் கொடி சுவர் முழுக்கப் படர்ந்துவிட்டது.

தையல்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "கை பழையபடி ஆயிடுச்சு போலிருக்கே, அண்ணே. கூடத்துக்கும் இதையே போட்டுடுங்க" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அவர் கையை நீட்டிக் காட்டினார். அது நடுங்கியது.

"இல்லம்மா. இது இனிமே இப்படித்தான். இவ பிடிச்சாத்தான் எனக்கு வேலை. இவ மட்டும் இல்லன்னா நான் என்னைக்கோ ஒண்ணுமில்லாமப் போயிருப்பேன்."

கல்யாணமான நாள் முதல் அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டிராதவள், சட்டென்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கழுவின பிரஷ்ஷையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.