காய்ச்சலை மறைத்த நாள்

நோயைப் பற்றிய பிழையான ஒரு வரி, படிக்கும் நோயாளிக்குத் தீங்காகலாம். ஆகவே நான் நேரில் அறிந்ததையும் மருத்துவர் உறுதிசெய்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்; உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் நோய். பல ஆண்டுகளாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தருமபுரி மருத்துவமனைக்குச் சென்று டிரிப்ஸில் மருந்து ஏற்றிக்கொள்கிறேன். அம்மருந்து உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். காய்ச்சல் இருந்தால் ஏற்றமாட்டார்கள். மருந்து தள்ளிப்போனால், முன்பு நோயால் தளர்ந்த கால்கள் மீண்டும் தளர்ந்துவிடுமோ என்று அஞ்சிய நான், காய்ச்சல் கண்டிருந்த அன்று பேருந்திலேயே காய்ச்சல் மாத்திரையை விழுங்கினேன்.

"காய்ச்சல், இருமல் ஏதாச்சும் இருக்குங்களா?" என்றார் செவிலியர்.

"இல்லைங்க."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணி பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து என்னோடு அதே பேருந்தில் வந்தவர். அவருக்கும் இதே நோய்தான்.

"பொய்யிங்க சிஸ்டர். இந்தண்ணன் பஸ்ல நடுங்கிக்கிட்டே மாத்திரை போட்டாருங்க."

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று சீறினேன்.

"வூட்டுக்கு நல்லபடியா போயி கோவிச்சுக்கங்கண்ணா. நானும் இப்பிடி மறைச்சுத்தான் ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

செவிலியர் சொல்ல, மருத்துவர் என்னை எக்ஸ்ரேக்கு அனுப்பினார்; அதில் நுரையீரல் தொற்று தெரிந்தது. தலைகுனிந்து என் கட்டிலுக்குத் திரும்பி வந்தபோது அந்தப் பெண்மணிக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது, அயர்ந்து உறங்கினார். நன்றி சொல்லாமலே ஊருக்கு வந்துவிட்டேன்.

தொற்று நீங்கிய பின்பே எனக்கு மருந்து ஏற்றினார்கள். கால்கள் தளரவில்லை. நடப்பதற்காக எதையும் மறைக்கலாம் என்று எண்ணியிருந்த நான், இப்போது செவிலியர் கேட்குமுன்பே சொல்லிவிடுகிறேன்.

அன்று மருந்து ஏறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது மருத்துவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது.