பெரகல ஏற்றத்தில் மாறாத கியர்

மாமனாருக்கு நாளை கண் ஆபரேஷன். இன்று பதுளை ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் முறை போய்விடும். தானாகவே கியர் மாறும் என் பழைய ஓட்டோ கியர் கார், போகிற வழியில் பெரகல மலை ஏற்றத்தில் இரைந்ததே தவிர நகரவில்லை.

"ஒயில் பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"காலையிலதான் பாத்தேன்."

"என்ஜின் ஒயிலா, கியர் ஒயிலா?"

இறங்கி பொனட்டைத் திறந்தேன். கியர் ஒயில் பார்க்கும் கம்பியில் ஈரமே இல்லை. சந்திக் கடைவரை நடந்து, ஒரு டின் வாங்கி வந்து ஊற்றினேன். ஒரு குலுக்கலோடு கியர் விழுந்து கார் நகர்ந்தது.

மூவரும் எங்கும் நிற்காமல் பதுளை போய்ச் சேர்ந்தோம். நல்லவேளை, வார்டில் இடம் கொடுத்தார்கள்.

கட்டிலில் படுத்ததும் மாமா என் கையைப் பிடித்தார்.

"ஆபரேஷனுக்குப் பயமில்ல மாப்புள. திரும்பிப் போறப்ப பஸ்ஸுல போயிருவோமா?"

ஓட்டோ கியர் வைத்திருப்பவர்கள் அவருக்கு ஆறுதல் சொல்லுங்கள். என் பேச்சை அவர் நம்புவதாக இல்லை.